பெரட்டில் கடைசிப் பேரு

முதலில் என் தொண்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் அது நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பொதுச் சொத்து. விடியக்காலை பெரட்டுக் களத்தில் நின்று நான் பேர் கூப்பிட்டால், ஏழாம் நம்பர் மலையில் படுத்திருக்கும் காட்டுப்பன்றிகூட எழுந்து கொழுந்துக் கூடையைத் தேடும் என்பார்கள். பெரட்டு என்றால் பெரிய விஷயமில்லை. வேலைக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்திப் பேர் பதிவது. நேரத்துக்கு வந்தால் முழுப்பேரு, முழுநாள் சம்பளம். பிந்தி வந்தால் அரைப்பேரு, அன்றைக்கு அந்த ஆள் பாதி ஆள். ரொம்பவும் பிந்தினால் பேரையே வெட்டிவிடுவேன். அன்றைக்கு அந்த ஆள் உலகத்திலேயே இல்லை.

என் பெண்சாதி தனலெட்சுமிக்கே ஒருநாள் அரைப்பேரு போட்டவன் நான். எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்ததால்தான் அவளுக்குப் பிந்தியது. நேர்மையான கங்காணி என்று துரை என் முதுகில் தட்டினார். தனம் ஒரு வாரத்துக்கு எனக்கு அரைக் கோப்பைத் தேத்தண்ணிதான் தந்தாள். தங்கவேலு என்று அப்பா வைத்த பேர் அதோடு போயிற்று. 'அரைப்பேருக் கங்காணி' என்றால்தான் தோட்டத்தில் தெரியும்.

அப்படிப்பட்ட தொண்டையில், நாக்குக்கு அடியில், ஒரு கட்டி வந்து குடியேறியது. குரல் கிழிந்த சாக்கை இழுக்கிற மாதிரி ஆகிவிட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர், பீடியா வெற்றிலையா என்று சிங்களத்தில் கேட்டார். "ரெண்டுக்கும் முழுப்பேருங்க" என்பதை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். என் பகிடி வழியில் நாவலப்பிட்டியிலேயே தங்கிவிட்டது போல, அவர் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து நாள் கரண்டு, அதாவது கதிர்ச் சிகிச்சை, பிடிக்க வேண்டும் என்றார். சனி ஞாயிறு தவிர ஒருநாளும் விடக்கூடாது, இடையில் விட்டால் மிச்சமிருப்பது எழும்பிக்கொள்ளும் என்றார். எனக்கு விளங்கியது. புல்லு வெட்டப் போன ஆட்கள் மழையென்று பாதியில் இறங்கி வந்தால் அடுத்த மாதம் அந்த மலை எப்படி இருக்கும் என்று கங்காணிக்குத் தெரியாதா என்ன?

அது கொரோனா வருடம். ஊரே ஒரு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மூச்சு முட்டுது என்று அழுதுகொண்டிருந்தது. எனக்கு இரண்டு. இரண்டாவது ஆஸ்பத்திரியில் செய்து தந்தது. ஒரு வெள்ளைத் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, வலைபோல இழுத்து என் முகத்தில் அழுத்தினார்கள். ஆறியதும் பார்த்தால் அப்படியே நான். கண்ணைத் திறக்காத, பேசாத, ஓட்டை ஓட்டையான நான். தனத்துக்கு அதைக் காட்டினால் இரண்டில் அதைத்தான் வைத்துக்கொள்வாள்.

தினமும் அந்த வலையை என் முகத்தில் மாட்டிக் கட்டிலோடு பூட்டுகிறவள் மதுரா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மெஷின் அவள் பொறுப்பு. முதல் நாளே சொன்னாள்.

"ஐயா, நான் வெளியால போய்க் கதவைச் சாத்திப்போட்டு மைக்கில உங்கட பேரைக் கூப்பிடுவன். சரியெண்டா ஒரு விரலைத் தூக்குங்கோ. தலையை ஆட்டக்கூடாது, கதைக்கக்கூடாது."

"கதைக்காமயா? அதுக்கு மருந்து இருக்கான்னு எம் பொஞ்சாதி ரொம்ப நாளா தேடுறாங்க."

"இப்பவும் கதைக்கிறியள்" என்றாள்.

கதவு மூடும். எங்கிருந்தோ குரல் வரும், "தங்கவேலு". நான் விரலைத் தூக்குவேன். மெஷினின் பெரிய கை மெதுவாக என்னைச் சுற்றும், மலையைச் சுற்றுகிற மேகம் மாதிரி. கொழுந்து அரைக்கிற ரோலர் தூரத்தில் ஓடுவது போல ஒரு ரீங்காரம். அவ்வளவுதான், நான் அங்கே இருக்கமாட்டேன். பெரட்டுக் களத்தில் நிற்பேன். மூடுபனி முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கும். ஆட்கள் இல்லை, பேர்கள் மட்டும் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழும்பி வந்து வரிசையில் நிற்கும். நான் பேர் பதிகிற செக்ரோல் புத்தகத்தைப் பிரித்துக் கூப்பிடப் பார்ப்பேன். வாய் திறக்கும், சத்தம் வராது. பேர்கள் பொறுமையாக நிற்கும். அப்புறம் மதுரா வந்து வலையைக் கழற்றுவாள். என் கன்னத்தில் மீன் வலையில் பட்ட மாதிரித் தடம் இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது கஜேந்திரனின் வேன். பதினான்கு பேர் ஏறுகிற வண்டியில் அப்போது இரண்டே பேர். முன்னால் கனகாம்பிகை டீச்சர், கடைசி ஆசனத்தில் நான். நடுவில் கண்ணாடியெல்லாம் திறந்து கிடக்க, கினிகத்தேனையில் பனி உள்ளே ஏறி, நாவலப்பிட்டியில் இறங்கிக்கொள்ளும். டீச்சரும் யாழ்ப்பாணம்தான். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேலையாக வந்து, ஓய்வு பெற்றும் திரும்பிப் போகாமல், நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். அவருக்கு மார்பில் கட்டி. பெரிய ஊசியெல்லாம் போட்டு முடிந்து கரண்டுக்கு வந்திருந்தார்.

"என்ர ரத்தத்தில இப்ப காவல்காரரே இல்லையாம், கங்காணியார்" என்றார் ஒருநாள். "கதவு திறந்து கிடக்கிற வீடு. ஒரு சளி வந்தாலும் உள்ளுக்கு வந்து கதிரையில இருந்திடுமாம்."

அதனால் வேனுக்கு ஒரு பெரட்டு உண்டு. அதை நடத்துகிறவர் டீச்சர். கேள்விக்குப் பதில் வந்தபிறகுதான் கஜேந்திரன் எனக்குக் கதவைத் திறப்பான்.

"காய்ச்சல்?"

"இல்லீங்க டீச்சர்."

"இருமல்?"

"பழைய இருமல்தான். கட்டிக்குச் சொந்தக்காரன்."

"வெளியூராக்கள் ஆரும் வீட்டுக்கு வந்தவையோ?"

"நேத்து எங்க லயத்து வீட்டுப் பக்கம் புலி வந்துச்சுங்க. பாஸ் இருக்கான்னு கேட்டேன், திரும்பிப் போயிருச்சு."

"ஏறுங்கோ" என்பார், சிரிக்காமல். ஆனால் அவருடைய மாஸ்க் கொஞ்சம் மேலே ஏறும். அதைப் பார்ப்பதற்காகவே இரவில் படுத்துக்கொண்டு அடுத்த நாள் புலிக்கு என்ன செய்வது என்று யோசிப்பேன்.

இருபத்து மூன்று நாள் இப்படியே போயிற்று. பத்தாம் நாளிலேயே என் நாக்கு வேலையை விட்டு நின்றுவிட்டது. கஞ்சி, பருப்பு, சம்பல் எல்லாம் ஈரக் கடதாசிதான். அதற்கும் ஒரு சௌகரியம் இருந்தது. தனத்தின் சமையலை நான் குறை சொல்லாத முதல் மாதம் அது.

தீபாவளி சனிக்கிழமை வந்தது. கொழும்பிலிருந்து யாரும் மலைக்கு வரக்கூடாது என்று ரேடியோவில் காலை, மாலை, இடையில் பாட்டை நிறுத்தியும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விடியுமுன் வேனுக்குப் போகக் கதவைத் திறந்தால், மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லொறியிலிருந்து குதித்து, கோவாத் தழை ஒட்டிய தலையோடு என் மகன் திலக்ஷன் நிற்கிறான். கொழும்பில் துணிக்கடையில் வேலை. எட்டு மாதமாகப் பார்க்கவில்லை.

"அப்பா, ஒங்கள பாக்கணும்னு இருந்துச்சு" என்றான்.

அவனைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை. தனம் அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "பொறத்தால கூட எட்டிப் பாக்காத. பக்கத்துக் காம்பரா சிவசாமிக்குத் தெரிஞ்சா ஹட்டன் வரைக்கும் தெரிஞ்சிரும்" என்றாள். அன்று பகல் கரண்டுக்குப் போய்வந்தேன். விடிய வேனில் டீச்சர் கேட்டபோது, "புலிகூட வரலீங்க" என்றேன். அந்தப் பகிடி எனக்கே ருசிக்கவில்லை. எனக்குத்தான் நாக்கே இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை தனம் ஆட்டுக்கறி வைத்தாள். எனக்குத் தனியாக நன்றாகக் குழைய வைத்து மசித்துத் தந்தாள். நான் சாப்பிட்டேன். திலக்ஷன் இரண்டு தட்டு சாப்பிட்டான், எலும்பையும் விடவில்லை. மகன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், எங்கள் இருவருக்கும் பரிமாறி முடித்துக் கடைசியாகத் தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கவளம் வாயில் வைத்தாள். அப்படியே எழுந்து பின்வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் சுவர் நிறத்தில் இருந்தது.

"ரெண்டு தரம் உப்புப் போட்டிருக்கேன்" என்றாள். "சந்தோசத்துல. கைப்பிடி கைப்பிடியா."

திலக்ஷன் உறிஞ்சிக்கொண்டிருந்த எலும்பைத் தட்டில் வைத்தான்.

"ஒங்களுக்குத்தான் நாக்கு செத்துப் போச்சு." அவள் என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். "ஒனக்கு என்னடா?"

திலக்ஷன் சட்டியை எடுத்து மோந்து பார்த்தான். பிறகு மேசையில் இருந்த சாம்பிராணி டப்பாவை. பிறகு தன் கையை. "லொறியில தூசும்மா" என்றான். அவனுக்கே அது பொய் என்று தெரிந்தது. ருசி போனால் அதுதான் என்று ரேடியோ அதையும் சொல்லியிருந்தது. நானும் என் மகனும் ஒரே சட்டியில், கடல் தண்ணீர் மாதிரிக் கறியை, சந்தோஷமாகச் சாப்பிட்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொண்டை கிழியும் என்பதால் மட்டும் சிரிக்கவில்லை.

அவனை உள்ளறையில் வைத்துக் கதவுக்குச் சேலையைக் கட்டினாள் தனம். பிறகு என்னிடம் வந்தாள்.

"யாருக்கிட்டயும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா ஒங்க பேர வெட்டிப்புருவாங்க. இன்னும் பதினொரு கரண்டு கெடக்கு."

வெட்டித்தானே விடுவார்கள். பேர் வெட்டுவது என்றால் என்னவென்று இந்த மலையில் என்னைவிட யாருக்குத் தெரியும்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்தி வந்தவள், பாலம் தண்ணீரில் போனது என்று சுற்றி வந்தவன், ஒருவரிடமாவது நான் ஏன் என்று கேட்டேனா? வரிசையில் இல்லையா, இல்லை. ஆஸ்பத்திரியும் ஒரு பெரட்டுதானே, அங்கே இருப்பவர்களும் என்னைப் போன்ற கங்காணிகள்தானே என்று நினைத்தேன். அவர்களைப் பற்றி அவ்வளவு கேவலமாக நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு முழுக்க மழைபெய்யாத, வெயிலடிக்காத ஒரு நாள். நான் வாசலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பனி தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே மேலே வந்தது, உப்பு சப்புத் தெரியாத என்னைப் போல. தொண்டைக்குள் மிச்சமிருக்கும் கட்டி, பாதி வெட்டிய புல்லு மாதிரி, நான் எப்போது மழைக்கு ஒதுங்குவேன் என்று காத்திருப்பதாகத் தோன்றியது. பதினொரு நாள். இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டால்? கடைசி ஆசனத்தில் தலையை வெளியே நீட்டிக்கொண்டால்? கண்ணயர்ந்தபோது பெரட்டுக் களம் வந்தது. பனிக்குள்ளிருந்து ஒரே ஒரு கதிரை எழும்பி வந்து வரிசையில் நின்றது. கதவு திறந்து கிடக்கிற வீட்டுக் கதிரை, அதில் யாரும் இல்லை. யாருக்கான கதிரை என்று கனவில் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

திங்கள் விடிய ஐந்து மணிக்குச் சந்தியில் போய் நின்றேன். போகலாமா வேண்டாமா என்று முடிவெடுத்துவிட்டுப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் என் ஆஸ்பத்திரிப் பையும் கையில் இருந்தது. வேன் பனிக்குள் மஞ்சள் வெளிச்சமாக வந்து, வழக்கமான இடத்தில் நின்றது. டீச்சர் கண்ணாடிக்குப் பின்னால் தலைக்குத் துண்டு சுற்றிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார்.

"காய்ச்சல்?"

தலையை ஆட்டினேன்.

"இருமல்?"

மறுபடியும் இல்லையென்று ஆட்டினேன். என் கால் தானாக இரண்டடி பின்னால் போயிற்று.

"வெளியூராக்கள் ஆரும் வந்தவையோ?"

டீச்சர் புலிக்காகக் காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். "வந்தாங்க" என்றேன். அது என் மாஸ்க்கையே தாண்டவில்லை.

"என்னங்க கங்காணி? கேக்கல. கிட்ட வாங்க!" என்றான் கஜேந்திரன், கதவில் கை வைத்து.

கிட்டப் போனால் மூச்சுப் படும். எட்ட நின்றால் குரல் போகாது. மலையையே எழுப்பின தொண்டை, பத்தடி தாண்டி ஒரு சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் நின்றது. கையைக் காட்டினேன், வராதே என்று. கஜேந்திரன் அதை வா என்று எடுத்துக்கொண்டு கதவைத் திறக்க ஆரம்பித்தான். அப்போதுதான், கொழுந்து மலைக்குக் கூப்பிடுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

"வந்துட்டாங்க டீச்சர்! மகன் வந்துருக்கான்! கொழும்புலேர்ந்து! நாக்குல ருசி இல்ல அவனுக்கு! கதவ சாத்து கஜேந்திரா!"

தொண்டைக்குள் எதுவோ கிழிந்து சூடாக இறங்கியது. என் குரல் எதிர்மலையில் மோதி, நீர்த்தேக்கத்தைத் தாண்டித் திரும்பி வந்தது. மகன் வந்துருக்கான், மகன் வந்துருக்கான் என்று பனியே சொன்னது. மேட்டில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றின. அதில் ஒரு வாசலிலிருந்து சிவசாமி கத்தினான். என்னிடம் அதிகம் அரைப்பேரு வாங்கியவன் அவன்தான்.

"அடியேய், அரைப்பேருக் கங்காணிக்குக் குரல் வந்துருச்சு!"

வேன் கதவு சாத்திக்கொண்டது. டீச்சர் என் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை நீங்கள் வேனில ஏறேக்கையும் அவன் வீட்டில இருந்தவனோ?" என்று கேட்டார். ஆமென்று தலையை ஆட்டினேன். அவர் மாஸ்க் மேலே ஏறவில்லை. "சரி. நான் மதுராவிட்டச் சொல்லுறன். கஜேந்திரன், எடு" என்றார். வேன் போய்விட்டது. என் பையை நானே தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். பேர் போயிற்று என்று நினைத்தேன். வழியில் பார்த்த தேயிலைச் செடிகளெல்லாம் என்னை யாரோ என்று பார்த்தன.

பத்து மணிக்குத் தனத்தின் போன் அடித்தது.

"ஐயா, மதுரா கதைக்கிறன். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம், கேளுங்கோ. டீச்சருக்கு இண்டைக்கே டெஸ்ட் எடுத்தாச்சு. அவவைத் தனியா, ஆக்கள் போனபிறகு பாக்கிறம். உங்கட வீட்டில எல்லாருக்கும் எடுக்க ஆக்கள் வருவினம். முடிவு வர ரெண்டு நாள் செல்லும், பிறகு நீங்களும் கடைசியா வாங்கோ."

"கடைசியான்னா?" என்றேன், கிழிந்த சத்தத்தில். "எம் பேர வெட்டலீங்களா?"

"ஏன் வெட்டுறது? கரண்டை நிப்பாட்டினா கட்டி வளரும். கொரோனா எண்டு கட்டி லீவில நிக்குமோ?" அவளுக்குக் கோபம் வந்திருந்தது. "எல்லாரும் போனபிறகு உங்களைப் பாத்துப்போட்டு, மெஷினைத் துடைச்சுப்போட்டு நாங்கள் வீட்டை போவம். விடுற நாளுக்கு ரெண்டு சனிக்கிழமை வாங்கோ. முதல் நாளே சொல்லியிருந்தா ஒரு நாளும் விட்டிருக்கத் தேவையில்லை. டீச்சரும் பயப்பிடத் தேவையில்லை. விளங்குதோ?"

விளங்கியது. பக்கத்தில் தனம் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கடைசியா வரட்டுமாம்" என்றேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பகலில் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. மாத்தையா வந்து எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டார். முடிவு செவ்வாய் பின்னேரம் வந்தது. திலக்ஷனுக்கு இருந்தது, எனக்கும் தனத்துக்கும் இல்லை. அவனைச் சிகிச்சை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். கையில் ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினாள் தனம், ருசி திரும்பினால் முதலில் தெரிய வேண்டுமே என்று. எங்கள் கதவில் தனிமைப்படுத்திய வீடு என்று ஒரு தாளை ஒட்டினார்கள். மாலையில் வாசலுக்கு வெளியே விறகுக் கட்டு ஒன்று கிடந்தது. தூரத்தில் நின்று சிவசாமி, "பாதிக் கட்டுதான் கங்காணி, நீங்க போட்ட கணக்கு" என்றான். ஆனால் அது முழுக்கட்டு. டீச்சருக்கும் இல்லை என்று மதுரா செய்தி அனுப்பியிருந்தாள். அதைத் தனத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன்.

புதன்கிழமை பின்னேரம் தோட்டத்து ஆம்புலன்ஸில் கூட்டிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் எப்போதும் ஆள் நிறைந்த நீளமான கூடம் வெறிச்சென்று கிடந்தது. வாங்குப் பலகைகளில் உட்காரக்கூடாத இடங்களில் ஒட்டியிருந்த சிவப்புப் பட்டிகள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சுவரில் அன்றைய பட்டியல். அச்சடித்த பேர்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி அடையாளம். எல்லாவற்றுக்கும் கீழே, தாளின் விளிம்பில், பேனையால் தமிழில் ஒரு பேர். அவசரத்தில் எழுதியது, கடைசி எழுத்து விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெட்டவில்லை. கீழே இறக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். முப்பது வருடத்தில் இப்படி ஒன்றைச் செய்யலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே.

மதுரா தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பில் வந்தாள். தேன் எடுக்கப் போகிறவள் மாதிரி. கண் மட்டும்தான் தெரிந்தது, அது களைத்திருந்தது.

"என்னால ஒங்களுக்கும் பிந்திப் போச்சு" என்றேன். "அரைப்பேரு போட்டுருவாங்களா?"

"கதைக்காதேங்கோ ஐயா. தொண்டை புண்ணாக் கிடக்கு" என்றாள். பிறகு வலையை என் முகத்தில் வைத்துக்கொண்டே, "டீச்சர் கேட்டவ. புலிக்கு டெஸ்ட் எடுத்ததோ எண்டு."

வலை பூட்டிக்கொண்டது. சிரிக்க இடமில்லை. கதவு மூடியது.

மேகம் என்னைச் சுற்றத் தயாராகி நின்றது. ரோலர் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. பெரட்டுக் களத்தில் பனி இடுப்புவரை. பேர்கள் எழும்பி வந்து நின்றன. இந்தத் தடவை குரல் வந்தது. சத்தமாக இல்லை, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவு. சிவசாமி, முழுப்பேரு. பாலம் போனதால் சுற்றி வந்தவன், முழுப்பேரு. காய்ச்சல் பிள்ளைக்காரி, முழுப்பேரு. வரிசையின் தலையில் ஒரு கோப்பையோடு நின்றவளை நான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். தனலெட்சுமி, முழுப்பேரு என்றேன். "இப்பவாச்சும்" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் போனாள். கோப்பை நிறைந்திருந்தது.

எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள். களத்தில் நான் மட்டும் நின்றேன், புத்தகத்தோடு. யாரோ என்னைக் கூப்பிட வேண்டும் என்று பொறுமையாக நின்றேன்.

பனிக்கு மேலேயிருந்து குரல் வந்தது.

"தங்கவேலு."

விரலைத் தூக்கினேன்.